பெண் வீட்டுப் பீர்

எங்கள் குடும்பத்திலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் ஒற்றன் நான்தான். அனுப்பியவள் என் அக்கா. வேலை சுலபம் என்றாள். மலேசியாவில் கெடா மாநிலத்துக்குப் போக வேண்டும். சுங்கை லாலாங் என்ற ஊரில் ஒரு வீட்டில் சாப்பிட வேண்டும். அந்த வீட்டில் குடி இருக்கிறதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டு கரூருக்குத் திரும்ப வேண்டும்.

அக்கா மகன் பிரபு பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சுங்கை லாலாங் பெண் கவிதாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டான். அக்கா பெண்ணின் நிறத்தைக் கேட்கவில்லை, நகையைக் கேட்கவில்லை, ஜாதகம்கூடக் கேட்கவில்லை. "குடி இருக்கற வீடா? அத மட்டும் பாத்துச் சொல்லுடா. இருந்தா இந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள்.

காரணம் உண்டு. மச்சான் குடித்தே போய்ச் சேர்ந்தவர். சாயங்காலமானால் அக்கா அடுப்படியில் நின்றபடி தெருவுக்குக் காது கொடுத்திருப்பாள். அவர் வண்டியை ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே இன்றைக்குப் பாத்திரம் பறக்குமா பறக்காதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே இந்த விஷயத்தில் அவளிடம் விளையாட்டு செல்லாது. அப்படிப்பட்டவள் இந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்பதுதான் விளையாட்டு.

நான் குடிக்காதவன் என்று அக்கா நம்புகிறாள். என் பம்புசெட் உதிரிபாகக் கடைக்குச் சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போகும் நாட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அவள் நம்பிக்கை வீண் போகவில்லை.

வந்திறங்கிய அன்று காலை பிரபு என்னைச் சுங்கை பட்டாணியில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனான். ரொட்டி சானாய். நம்மூர்ப் பரோட்டாவின் தங்கை. அண்ணனைப் போல முரடு இல்லை, தொட்டால் உதிர்கிறது, பருப்புக் குழம்பில் நனைந்ததும் வெட்கப்பட்டுச் சுருங்குகிறது. மேசை துடைக்க வந்தவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்றார். இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுவதுதான். நம்மூரில் சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்பார்கள். பசி ஆறியதா என்று யாரும் விசாரிப்பதில்லை. நேர்மையாகப் பதில் சொல்வதற்காக இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னேன்.

அந்த இரண்டாவது தட்டில் கை வைத்தபோதுதான் பிரபு குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, ஒரு சின்ன விஷயம். கவிதா வேலைய பத்தி அம்மாகிட்ட என்ன சொல்லியிருக்கேன்?"

"உணவுத் தரக்கட்டுப்பாடுன்னு சொன்ன."

"தரக்கட்டுப்பாடு கரெக்ட் மாமா. உணவுதான் இல்ல. பீர்."

கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு பெரிய பீர்த் தொழிற்சாலை. கவிதாவுக்கு அங்கே வேலை. இப்போது விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"ஆபீஸ்ல உக்காந்து கணக்கெழுதுதா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த ஆசையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"இல்ல மாமா. குடிச்சுப் பாக்குது."

ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது. பிரபு முதுகில் தட்டினான். பக்கத்து மேசை மலாய்க்காரர் தன் ஐஸ் தேநீரை என் பக்கம் நகர்த்தினார். மூச்சு திரும்பியதும் என் மூளை மூன்று வழிகளைக் காட்டியது. அக்காவிடம் உண்மையைச் சொல்வது: கல்யாணம் நின்றுவிடும், பையன் என் முகத்தில் விழிக்க மாட்டான். பொய் சொல்வது: பின்னால் தெரிந்தால் அக்கா முகத்தில் நான் விழிக்க முடியாது. மூன்றாவது வழி, கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு இங்கேயே மேசை துடைத்துப் பிழைப்பது. அன்றைக்கு முழுவதும் மூன்றாவதைத்தான் பரிசீலித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரபுவுக்கு வேலைநாள். என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, "சுங்கை லாலாங் வந்ததும் மணிய அழுத்துங்க, அவ்வளவுதான்" என்றான். பேருந்துக்குள் மார்கழிக் குளிர். நம்மூர்ப் பேருந்தில் நடத்துநர் ஊர்ப் பெயரைக் கூவி எழுப்பிவிடுவார். இங்கே நடத்துநரே இல்லை, ஓட்டுநர் பேசுகிற ஜாதியும் இல்லை. பொய்களை ஒத்திகை பார்த்தபடியே தூங்கிப்போனேன். விழித்து மணியை அழுத்தி இறங்கினால் பலகையில் செமிலிங் என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். மனிதர்களில் ஒரே ஒரு அம்மாள், வண்டிக்கடையில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி.

"சுங்கை லாலாங்கா? தாண்டி வந்துட்டீங்களே தம்பி. ஊர்லேர்ந்து வர்றீங்களா? யாரு வீட்டுக்கு?"

"மணியம்னு ஒருத்தர். பிள்ளைங்க ஸ்கூல் வேன் ஓட்டறாராம்."

"அட, நம்ம கவிதா வீடு! அந்தப் பீரு கம்பெனி பொண்ணு." எண்ணெயிலிருந்து பழத்தை அள்ளியபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தீங்களா? நல்ல பொண்ணுலா. போன கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்காரரு கிளாஸ மோந்து பாத்துட்டு, 'அங்கிள், இது பழைய ஸ்டாக், கடையில திருப்பிக் குடுங்க'ன்னுச்சு. கடைக்காரன் வாயத் தெறக்கலையே!"

ஒற்றனுடைய வேலை முதல் வாழைப்பழத்திலேயே முடிந்துவிட்டது. அவர் தன் கைப்பேசியில் மணியத்தைக் கூப்பிட்டார். "அண்ணே, ஒங்க சம்பந்தி இங்க செமிலிங்ல நிக்கிறாரு. வந்து தூக்கிக்கிட்டுப் போங்க" என்றார்.

மணியம் மோட்டார் சைக்கிளில் வந்தார். எனக்குக் கொண்டுவந்த ஹெல்மெட் கவிதா பள்ளிக்கூடம் போன காலத்தது, பூனைப் படம் போட்டிருந்தது, உச்சந்தலையோடு நின்றுவிட்டது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மணியத்துக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஆனாலும் அவர் என்னை அண்ணே என்றார், நானும் அவரை அண்ணே என்றேன்.

மதியம் கவிதாவின் அம்மா இலை போட்டார். ஆட்டுக்கறிப் பெரட்டல், நெத்திலிச் சம்பால், தயிர்ப் பச்சடி. சாப்பிடும்போது நாடகம் அமோகமாக நடந்தது.

"எங்க வீட்ல யாரும் தொடுறதில்ல அண்ணே" என்றார் மணியம், நான் கேட்காமலேயே.

"நான் மோந்துகூடப் பாத்ததில்லைங்க" என்றேன், அவர் கேட்காமலேயே.

"கோயில்ல சாமிக்கு வைக்கிறதுதான். மத்தபடி..."

"சாமிக்கு வைக்கறது தப்பில்லைங்க அண்ணே."

அதுவரை ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கவிதா நிமிர்ந்தாள். கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண். "அப்பா, போதும்லா. மாமாகிட்ட பிரபு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மாமா, நான் பீர் கம்பெனியிலதான் வேலை செய்றேன். வேலையில தெனமும் குடிப்பேன். வீட்ல தொட மாட்டேன். வேற என்ன கேக்கணும்?"

கேட்க எதுவும் இல்லை. ரசம்தான் கேட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே ஐஸுக்கு நடுவில் குட்டையான புட்டிகள். கம்பெனியின் புதுச் சரக்கு. கடைகளுக்கு இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறதாம். ஏல் என்று பெயர். நாம் வழக்கமாகப் பார்க்கும் பீர் லாகர் வகை. குளிரில் மெதுவாக நொதிப்பது. ஏல் கொஞ்சம் வெதுவெதுப்பில் நொதிக்கும், அதனால் பழவாசனை தூக்கலாக இருக்கும் என்று விளக்கினாள். புட்டியின் மேல் ஓர் இருவாட்சிப் பறவை. பெயரை யாரோ அவசரத்தில் பேனாவால் கிறுக்கியது போலக் கோணல்மாணலாக எழுதியிருந்தது.

"இதென்ன, எழுத்து சரியில்லையே?"

"அந்தக் கோணலுக்கு எத்தன மீட்டிங் தெரியுமா மாமா? நாலு கூட்டாளிங்க சேர்ந்து வீட்டுக்குப் பின்னால சட்டியில காய்ச்சின மாதிரி இருக்கணும். அதான் இப்ப ஃபேஷன். நாங்க காய்ச்சுற தொட்டி இந்த வீட்டவிட பெருசு. பெரிய கம்பெனி சின்னக் கம்பெனி மாதிரி நடிக்குது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம்மூரில் பேருந்து பேருந்தாகக் கூட்டம் இறங்கிச் சாப்பிடும் நெடுஞ்சாலை ஓட்டலின் வாசலில் 'வீட்டுமுறைச் சாப்பாடு' என்று பலகை மாட்டியிருப்பார்களே, அந்தச் சங்கதி.

"கம்பெனியில எல்லாரும் கத்துக்கிட்ட வார்த்தையத்தான் சொல்றாங்க. குடிச்சே பழகாத ஒருத்தர் என்ன சொல்றாருன்னு எனக்குக் கேக்கணும். மாமாவுக்குப் பழக்கமில்லன்னு சொன்னீங்கதானே? நீங்கதான் சரியான ஆளு. ஒரே ஒரு வாய்."

மறுத்தேன். மூன்று முறை மறுத்தேன். நான்காவது முறை அவள் கேட்காமல் போய்விடுவாளோ என்று பயமாக இருந்ததால் சம்மதித்தேன். மணியம் கூரையைப் பார்த்தார். கவிதா புட்டியைத் திறந்தாள், நான் கிளாஸை நீட்டினேன், அவள் ஊற்றினாள். பாதியிலேயே ஊற்றுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

"மாமா."

"என்னம்மா?"

"பழக்கமில்லாதவங்க கிளாஸ நேராப் புடிப்பாங்க. நொர பொங்கி மடியில கொட்டும். நீங்க அழகாச் சாய்ச்சுப் புடிக்கிறீங்க."

என் கையைப் பார்த்தேன். துரோகி, அச்சுப் பிசகாமல் சாய்த்துப் பிடித்திருந்தது. கோயம்புத்தூரில் எத்தனையோ வருஷம் பழக்கிய கை. சொந்தக்காரன் போட்ட நாடகத்தைப் பற்றி அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வியர்த்துவிட்டது. மணியம் கூரையிலிருந்து பார்வையை இறக்கி, என் கையைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "அண்ணே, காலையிலேர்ந்து ஒங்களுக்காக ஃப்ரிட்ஜ காலி பண்ணி பக்கத்து வீட்ல குடுத்து வச்சிருக்கேன் அண்ணே" என்றார்.

மானம் போன பிறகு மிச்சம் இருந்தது பீர் மட்டும்தான். குடித்தேன். மங்கலான ஆரஞ்சு நிறம். முதலில் மூக்கில் ஏறியது நார்த்தங்காய். நாக்கில் கொஞ்சம் தேன். விழுங்கிய பிறகு, நாம் மறந்துவிட்ட நேரத்தில், தொண்டைக்குள்ளிருந்து ஒரு கசப்பு மெல்ல எழுந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது, சுண்டைக்காய் வற்றல் மாதிரி.

"நார்த்தங்காய் ஊறுகா ஜாடிய, காலியான அன்னிக்குக் கழுவி ஊத்துவாங்க பாரு, அந்த வாசனை" என்றேன். "திட்டறேன்னு நெனைக்காத. அந்தத் தண்ணியையே சோத்துல ஊத்திச் சாப்பிடறவன் நான்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "இன்னொரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க மாமா. கசப்பு எங்க நிக்குது?" என்றாள்.

என் பேச்சை இவ்வளவு கவனமாக இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் மனைவி உட்பட. குறிப்பாக என் மனைவி.

"வேலையில வாயில வச்சுத் துப்பிட மாட்டீங்களா?" என்று நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"ஒயின்னா துப்பலாம். பீர துப்பினா வேலைக்கு ஆகாது. கசப்பு தொண்டைக்குப் பின்னாலதான் தெரியும். முழுங்கித்தான் ஆகணும்."

அன்று மாலை அக்கா கூப்பிட்டாள். "வீடு எப்படிடா?" என்றாள். "கோயில் மாதிரி இருக்குக்கா" என்றேன். கோயிலில் எங்கள் குலசாமிக்கு என்ன படைக்கிறோம் என்பதை அவள் நினைத்துப் பார்க்க மாட்டாள் என்ற தைரியம்தான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் மணியத்தின் பள்ளி வேனில் ஏறித் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போனோம். பிரபுவும் வந்து சேர்ந்திருந்தான். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாம். இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. ஆட்கள் எல்லாரும் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். சாமி மட்டும் மீசையோடு அங்கேயே காவல் இருக்கிறார். பக்கத்தில் சின்னதாகச் சங்கிலிக் கருப்பன், அவருக்கு உதவியாள்.

படையலில் கோழிக்கறி, அவித்த முட்டை, சுருட்டு, ஒரு புட்டி ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். கவிதா தன் பையிலிருந்து இருவாட்சிப் புட்டியை எடுத்தாள்.

"அப்பா, இதையும் வைக்கட்டுமா?"

"என்ன வெளையாட்டு? சாமி எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஸ்டவுட்டுதான் குடிக்கிறாரு. இது ஒங்க டேஸ்டிங் ரூமா?"

"புதுசு வந்தா முதல்ல அவருக்குத்தான்னு நீங்கதானே சொல்வீங்க? புதுக் காடி வாங்கினப்ப இங்கதானே கொண்டாந்தீங்க?"

மணியம் யோசித்தார். காருக்கு ஒரு நியாயம், பீருக்கு ஒரு நியாயம் என்று சொல்ல முடியவில்லை. கடைசியில், "சரி, முனியாண்டிக்கு வேணாம். கருப்பனுக்கு வச்சுப் பாரு. அவரு அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு" என்றார். உலகம் முழுவதும் அலுவலகங்களில் இதுதான் நடைமுறை. புதிதாக எது வந்தாலும் உதவியாளர் தலையில் கட்டுவார்கள்.

பூசாரியும் அவர் தம்பியும் சூடம் காட்டி முடித்தார்கள். சாமி குடித்த மிச்சம் பிரசாதம். காகிதக் குவளைகளில் ஆண்களுக்கு ஊற்றினார்கள். நான் முதலில் முனியாண்டியின் பங்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தேன். பிறகு, கருப்பன் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று அவர் பங்கையும் வாங்கினேன். அது கையில் இருக்கும்போது வீடியோவில் அக்கா வந்தாள். பதற்றத்தில் குவளையை அடுத்த கைக்கு மாற்றாமல் அழைப்பை அப்படியே எடுத்துத் தொலைத்தேன்.

"கையில என்னடா அது, நொரையா?"

"சாமிக்குக்கா. முனியாண்டிக்கு."

"சாமி குடிச்சாச்சா?"

"ஆச்சுக்கா."

"அப்பறம் எதுக்கு உன் கையில இருக்குது?"

"பிரசாதம்க்கா."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன். "போனை அந்தப் புள்ளைகிட்டக் குடு" என்றாள். பிரபு கைப்பேசிக்குப் பின்னால் நின்று, வேண்டாம், சொல்லாதே என்று கவிதாவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினான். கவிதா என் தோளோரம் வந்து திரைக்குள் முகத்தைக் காட்டினாள்.

"வணக்கம் அத்தை. அந்த நொர எங்க கம்பெனி பீரு. நான் அங்கதான் வேலை செய்றேன், குடிச்சுப் பாத்து நல்லாருக்கான்னு சொல்ற வேலை. பிரபு ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டாரு. மாமாவும் பயந்துட்டாரு."

அந்த இக்கட்டில் என் மூளை வாழ்நாளிலேயே சிறந்த யோசனை ஒன்றைத் தந்தது. சிக்னல் போய்விட்டதாக நடிப்பது. வாயைப் பாதி திறந்து, ஒரு கண்ணை அரையாக மூடி, அசையாமல் நின்றேன். மூச்சைக்கூட விடவில்லை. பக்கத்தில் நின்ற கவிதாவுக்கு நான் செய்வது புரியவில்லை. வலிப்போ என்று என் கையைப் பிடித்தாள்.

"ஏண்டா," என்றாள் அக்கா, "நீ மட்டும் நின்னுட்ட, உனக்குப் பின்னாடி நாய் நடந்து போகுதே?"

மூச்சை விட்டேன்.

அக்கா என்னை அதற்குமேல் சட்டை செய்யவில்லை. கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபுவின் முகம் வெளிறிப் போயிருந்தது. மணியம் சுருட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாமியைப் பார்ப்பதா தொலைபேசியைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்.

"தினமும் குடிக்கணுமா கண்ணு?" என்றாள் அக்கா.

"வேலை நாள்ல ஆமா அத்தை. கொஞ்சம் கொஞ்சமா. காலையில."

"அப்பறம் வீட்டுக்கு எப்படி வருவ?"

இந்தக் கேள்வியை அவள் எங்கிருந்து கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிரபுவுக்கும் தெரியும். கவிதாவுக்குத் தெரியாது. அவள் பேருந்து நேரம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சதும் எங்கள ஊதச் சொல்வாங்க அத்தை. ஒரு மிஷின் இருக்கு. அதுல சுத்தமா ஒண்ணும் காட்டக் கூடாது. காட்டினா வெளிய விட மாட்டாங்க. உக்காந்து தண்ணி குடிச்சு, சாப்பிட்டு, மறுபடி ஊதி, கிளியர் ஆனப்புறம்தான் வீட்டுக்கு. யாரா இருந்தாலும். பெரிய மானேஜரா இருந்தாலும்."

"சரியானாத்தான் வீட்டுக்கு விடுவாங்களா?"

"ஆமா அத்தை."

அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்படி ஒரு வாசல் எனக்கு வாய்க்கல கண்ணு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் ஒரு நகைச்சுவையும் வரவில்லை. வந்திருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

பிறகு அவள் குரல் மாறியது. எனக்கு மிகவும் பரிச்சயமான குரல்.

"அந்த மிஷின் இப்ப உங்கிட்ட இருக்குதா?"

"சின்னது ஒண்ணு பையில இருக்கு அத்தை."

"உங்க மாமனை ஊதச் சொல்லு."

நான் பிரசாதத்துக்கும் பானத்துக்கும் உள்ள வேறுபாட்டை சாஸ்திரப்படி விளக்க முயன்றேன். கவிதா அதற்குள் மிஷினை என் வாயில் வைத்துவிட்டாள். ஊதினேன். அது கீச்சென்று கத்தியது. பக்கத்து மரத்திலிருந்து ஒரு மைனா பறந்தது. கவிதா திரையைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் எனக்காகப் பொய் சொல்லக்கூடும் என்று நம்பினேன்.

"மாமா வண்டி ஓட்டக் கூடாது அத்தை."

"உங்கப்பா?"

மணியம் ஊதினார். கீச். பூசாரி ஊதினார். கீச். பூசாரியின் தம்பி, நான் அப்புறம் ஊதிக்கொள்கிறேன் என்று பின்வாங்கினார். அக்கா "அவரையும்" என்றாள். கீச். பிரபு ஊதினான். மிஷின் வாயே திறக்கவில்லை. பயத்தில் பையன் பிரசாதம்கூட வாங்கியிருக்கவில்லை. அக்கா முகத்தில் இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பல் தெரிந்தது. குடிப் பேச்சில் அக்கா சிரித்து நான் கண்டதே இல்லை. கைப்பேசி குலுங்கிக் கரூர் வீட்டு மின்விசிறி ஒரு சுற்று தெரிந்து மறைந்தது.

"வேனை யாரு ஓட்டறது?" என்றாள்.

"நான்தான் அத்தை."

"ஓட்டு கண்ணு. எல்லாரையும் பின்னாடி உக்கார வை. நான் பாக்கணும்."

பள்ளி வேன் சீட்டுகள் ஆறு வயதுக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஊதித் தோற்ற ஆண்கள் நாங்கள் வரிசையாக ஏறி, முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். பூசாரி தன் உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டார். கவிதாவின் அம்மா முன்சீட்டில் அமர்ந்து தொலைபேசியைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்தார். அக்கா ஒவ்வொரு தலையாக எண்ணிச் சரிபார்த்தாள்.

"பெல்ட்டு போடுங்கடா" என்றாள் கரூரிலிருந்து.

போட்டோம். மருமகள் வண்டியை எடுத்தாள்.